திரை மூலையில் ஓடும் எண்: கிராபிக்ஸ் கேள்வி–பதில்

போன இதழில் கிராபிக்ஸ் கார்டு சூடாவதைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சூட்டை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கின்றன. விளையாட்டு ஓடும்போதே திரை மூலையில் எஃப்.பி.எஸ். (விநாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம்), வெப்பம், வாட் எல்லாம் காட்டுகிறதே ஓவர்லே, அதை நாமே எழுத முடியுமா என்பதுதான் அது. முடியும். எழுதியவர்கள் மாட்டிக்கொண்ட இடங்களும் கடிதங்களில் இருக்கின்றன. இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

கே: இறுதியாண்டு புராஜெக்டுக்காக எஃப்.பி.எஸ்., ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வெப்பம், பயன்பாடு மூன்றையும் விளையாட்டின் மேலேயே காட்டும் டூல் செய்கிறேன். எப்போதும் மேலே நிற்கும் கண்ணாடி போன்ற ஜன்னல் ஒன்றைத் திறந்து அதில் எழுதினால் போதுமா? கைடு போதும் என்கிறார்.
– பொறியியல் மாணவி, திருநெல்வேலி

ப: மதிப்பெண் போடுகிறவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போதாது.

அந்த ஜன்னலால் வெப்பத்தைக் காட்ட முடியும். எஃப்.பி.எஸ்.ஸைக் காட்ட முடியாது, ஏனென்றால் பக்கத்து புரோகிராம் எத்தனை ஃபிரேம் வரைந்தது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. விளையாட்டு முழுத்திரையைத் தனக்கென்று பிடித்துக்கொண்டால் ஜன்னலே கண்ணில் படாது. இன்னொரு வம்பும் உண்டு. மேலே ஒரு ஜன்னல் படிந்துவிட்டால், விளையாட்டின் படத்தை நேரே திரைக்கு விடாமல் எல்லா ஜன்னல்களையும் ஒன்றாக அடுக்கும் தன் கம்போசிட்டர் வழியாகச் சுற்றி அனுப்ப விண்டோஸ் முடிவு செய்யலாம். தாமதத்தை அளக்க வந்த டூலே தாமதத்தைக் கூட்டிவிடும்.

அதனால் ஓவர்லே எழுதுகிறவர்கள் விளையாட்டுக்கு உள்ளேயே போய் உட்காருகிறார்கள். ஒரு ஃபிரேமை வரைந்து முடித்ததும் எந்த விளையாட்டும் கடைசியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டே ஆக வேண்டும். விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ளும் இடைமுகத்தைப் பொறுத்து அதன் பெயர் மாறும்: டைரக்ட்எக்ஸில் பிரசென்ட், ஓப்பன்ஜிஎல்லில் ஸ்வாப் பஃபர்ஸ், வல்கனில் கியூ பிரசென்ட். 'படம் தயார், திரைக்குக் கொண்டுபோ' என்பது அதன் பொருள். அந்த வாசலில் நின்றுகொண்டால் இரண்டு காரியம் நடக்கும். போன முறை கூப்பிட்டதற்கும் இப்போது கூப்பிட்டதற்கும் இடைப்பட்ட நேரம் கிடைக்கிறது. அதுதான் ஃபிரேம் டைம். முடிந்த படத்தின் மேல் உங்கள் எழுத்தை வரைந்துவிட்டு அப்படியே அனுப்பிவிடவும் முடிகிறது.

வாசலில் நிற்பது எப்படி? டைரக்ட்எக்ஸ் 11-ல் வழக்கமான வழி இது. உங்கள் டிஎல்எல் (விண்டோஸின் லைப்ரரிக் கோப்பு) விளையாட்டின் புராசஸுக்குள் ஏறியதும் கண்ணுக்குத் தெரியாத சின்ன ஸ்வாப்செயின் (திரைக்குப் போகும் படங்களின் வரிசை) ஒன்றைத் தானே உருவாக்கி, அதன் ஃபங்ஷன் அட்டவணையைப் படிக்கும். 0-விலிருந்து எண்ணினால் 8-ஆவது இடம் பிரசென்ட், 13-ஆவது, திரை அளவு மாறும்போது கூப்பிடப்படும் ரீசைஸ் பஃபர்ஸ். இரண்டு முகவரியையும் குறித்துக்கொண்டு சின்ன ஸ்வாப்செயினை அழித்துவிடுங்கள். பிறகு பிரசென்ட் தொடங்கும் இடத்தில் முதல் 5 பைட்டை அழித்து, உங்கள் கோடுக்குத் தாவச் சொல்லும் ஜம்ப் கட்டளையை எழுதுங்கள். அழித்த கட்டளைகளைப் பத்திரமாக வேறிடத்தில் வைத்திருந்து, உங்கள் வேலை முடிந்ததும் அவற்றை ஓட்டிவிட்டு மிச்ச ஃபங்ஷனுக்குள் நுழைய வேண்டும். இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை; மின்ஹூக், மைக்ரோசாஃப்ட்டின் டிட்டூர்ஸ் இரண்டும் இலவசம். டைரக்ட்எக்ஸ் 12-ல் இது மட்டும் போதாது. எந்தக் கமாண்ட் கியூவில் (கார்டுக்கான கட்டளை வரிசையில்) உங்கள் எழுத்தை வரைவதற்கான கட்டளையைப் போடுவது என்பதை பிரசென்ட் உங்களுக்குச் சொல்லாது. எக்ஸிக்யூட் கமாண்ட் லிஸ்ட்ஸ் என்பதையும் இப்படி இடைமறித்து, அதாவது ஹூக் செய்துதான் கியூவைப் பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, உங்கள் புராஜெக்டுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸில் வல்கன் எடுத்துக்கொள்ளுங்கள். வல்கனில் யாருடைய பைட்டையும் அழிக்க வேண்டாம். இடையில் நின்று கேட்பதற்கென்றே 'லேயர்' என்ற ஏற்பாட்டை அதன் வடிவமைப்பிலேயே வைத்திருக்கிறார்கள். ஒரு லைப்ரரி, அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஜேசன் கோப்பு, அவ்வளவே. ஸ்வாப்செயின் உருவாகும் ஃபங்ஷனையும் கியூ பிரசென்ட்டையும் மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியை அடுத்த லேயருக்குத் தள்ளிவிடுங்கள். சோதிக்க விளையாட்டு எதையும் வாங்க வேண்டாம்; வல்கன் டூல்ஸோடு வரும் சுழலும் கனசதுரம் போதும். மாங்கோஹட் என்ற ஓவர்லே இப்படித்தான் வேலை செய்கிறது. ஸ்டீம் டெக்கில் திரையோரம் எண்கள் தெரிகின்றனவே, அதற்குப் பின்னால் இருப்பதும் அதுதான். எம்ஐடி உரிமத்தில் முழு சோர்ஸும் திறந்து கிடக்கிறது. படியுங்கள், ஆனால் காப்பியடித்து வைத்துவிடாதீர்கள். வைவாவில் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எழுத்தை வரைவது பற்றி ஒரு வரி. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக வரையாமல், எல்லா எழுத்தும் அடங்கிய ஒரே டெக்ஸ்சரை (படத்தை) வைத்துக்கொண்டு ஒரே டிரா காலில் (வரையும் கட்டளையில்) முடியுங்கள். டியர் இம்குய் லைப்ரரி இதை உங்களுக்காகச் செய்துதரும்.

கே: மூலையில் 60 என்று ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. ஆனாலும் ஆட்டம் வெட்டி வெட்டி ஓடுகிறது. உன் கண்ணில்தான் கோளாறு என்கிறான் நண்பன்.
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ப: தம்பி, கண் சரியாகத்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு விநாடியில் 59 ஃபிரேம் தலா 10 மில்லி விநாடியில் வந்துவிட்டது, ஆக 590. கடைசி ஒரு ஃபிரேம் மட்டும் 410 மில்லி விநாடி எடுத்தது. மொத்தம் சரியாக 1,000 மில்லி விநாடி, 60 ஃபிரேம். உங்கள் டூல் 60 என்று காட்டும், அது பொய்யும் இல்லை. ஆனால் கிட்டத்தட்ட அரை விநாடி படம் உறைந்து நின்றிருக்கிறது. சீரான 60 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் 16.67 மில்லி விநாடியில் வந்திருக்க வேண்டும்.

இதை உலகத்துக்கு உறைக்கச் சொன்னவர் ஸ்காட் வாஸன். 2011-ல் 'டெக் ரிப்போர்ட்' இணையதளத்தில், ஒரு விநாடியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துக் காட்டினார். அதுவரை கார்டு விமர்சனம் என்றால் சராசரி எஃப்.பி.எஸ். பட்டை ஒன்றை வரைந்து முடித்துவிடுவார்கள்.

அடுத்து 2013-ல் என்விடியா எஃப்கேட் என்ற முறையைக் கொண்டுவந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஓவர்லே அது. ஓர் எண் கூட எழுதாது. ஒவ்வொரு ஃபிரேமின் இடது ஓரத்திலும் ஒரு வண்ணப் பட்டை, முன்பே முடிவு செய்த வரிசையில். திரைக்குப் போகும் வீடியோவை இன்னொரு கணினி கேப்ச்சர் கார்டு வழியாக அப்படியே பதிவு செய்துகொள்ளும். பிறகு எந்த வண்ணம் எத்தனை கோடு உயரம் திரையில் நின்றது என்று எண்ணினால் போதும். ஏஎம்டியின் இரண்டு ரேடியான் கார்டுகளை கிராஸ்ஃபயரில் இணைத்த கணினிகளில் சில வண்ணங்கள் நூல் போல நாலைந்து கோடு மட்டுமே வந்துவிட்டுப் போவது அப்போது தெரிந்தது. கண்ணுக்கு எந்தப் பயனும் இல்லாத அந்தத் துண்டு ஃபிரேமையும் எஃப்.பி.எஸ். கவுண்டர் முழு ஃபிரேமாக எண்ணிக்கொண்டிருந்தது. பிரசென்ட் வாசலில் நின்று எண்ணுகிறவருக்கு, வெளியே போனது தெரியும். திரையில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று தெரியாது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டிலேயே ஏஎம்டி, ஃபிரேம்களைச் சீராக இடைவெளி விட்டு அனுப்பும் டிரைவரை வெளியிட்டது.

உங்கள் டூலில் ஃபிரேம் டைம் வரைபடம் இருந்தால் போடுங்கள். கோடு படுத்திருந்தால் நலம். முள் முள்ளாக எழுந்தால் நீங்கள் உணரும் வெட்டு அதுதான். நீங்களே டூல் எழுதுவதாக இருந்தால் இன்னொன்று: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எஃப்.பி.எஸ். கண்டுபிடித்து அவற்றைச் சராசரி எடுக்காதீர்கள். 10 மில்லி விநாடி, 30 மில்லி விநாடி என மாறி மாறி வரும் ஆட்டத்தில் அப்படிச் செய்தால் 66.7 வரும். உண்மையில் 40 மில்லி விநாடிக்கு 2 ஃபிரேம், அதாவது 50. காசு வாங்கி விற்கும் டூல்களிலேயே இந்தத் தப்பைப் பார்த்திருக்கிறேன்.

கே: என் மகன் ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டே விளையாடுகிறான், அது குறைந்தால் முகம் வாடிவிடுகிறது. இது வியாதியா?
– ஒரு தாய், திருச்சி

ப: இல்லையம்மா. வலது ஷிஃப்ட்டோடு எஃப்12-ஐ அழுத்தினால் மாங்கோஹட் மறைந்துவிடும். அவன் சாப்பிட எழுந்து போகும்போது அழுத்திவிடுங்கள்.

கே: பயன்பாடு 99 சதவீதம் காட்டுகிறது. ஆனால் 200 வாட் எடுக்க வேண்டிய கார்டு 110 வாட்தான் எடுக்கிறது. எந்த எண் பொய்?
– கேபிள் டிவி ஆபரேட்டர், தஞ்சாவூர்

ப: இரண்டும் உண்மை. 99 எதன் சதவீதம் என்பதில்தான் சூட்சுமம். என்விடியாவின் என்விஎம்எல் லைப்ரரி அதை இப்படி வரையறுக்கிறது: கடந்த அளவீட்டு இடைவெளியில், ஜிபியுவில் ஏதாவது ஒரு வேலையாவது ஓடிக்கொண்டிருந்த நேரத்தின் சதவீதம். அந்த இடைவெளியும் கார்டைப் பொறுத்து 1 விநாடி முதல் 1/6 விநாடி வரை மாறும். ஆயிரக்கணக்கான கோர்களில் ஒரு சிறு மூலை மட்டும் வேலை செய்தாலும் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்றே கணக்கு. டவுன் பஸ் நாள் முழுக்க ஓடியது என்பதற்கும் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கடிகார வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை குறைவாக இருக்கும்போது கார்டு மெகாஹெர்ட்ஸைத் தாழ்த்திக்கொள்ளும். தாழ்ந்த வேகத்தில் அதே சின்ன வேலைக்கு அதிக நேரம் பிடிக்கும், சதவீதம் ஏறும். வெறுமனே வீடியோ பார்க்கும்போது 40 சதவீதம் காட்டுகிறதே என்று பயந்து எழுதுகிறவர்களுக்கும் இதுவே பதில். சதவீதம், மெகாஹெர்ட்ஸ், வாட் மூன்றும் ஒரே வரியில் இல்லாத ஓவர்லேயை நான் நம்புவதில்லை.

கே: லினக்ஸில் சிறிய ஓவர்லே எழுதி அதன் வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். விநாடிக்கு ஒருமுறை கடிகாரம் போல ஒரு முள் எழுகிறது. ஓவர்லேயை நிறுத்தினால் ஆட்டம் மிருதுவாக ஓடுகிறது.
– மென்பொருள் பணியாளர், ஓசூர்

ப: முள்ளின் ஊர் எது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்: விநாடிக்கு ஒருமுறை. பிரசென்ட்டுக்குள்ளேயே சென்சாரைப் படிக்கிறீர்கள். டிரைவரிடம் வெப்பம் கேட்டால் சில நேரம் மில்லி விநாடிக் கணக்கில் காக்க வைக்கும். கையில் மொத்தமே 16.67 இருக்கும்போது அதில் மூன்றை அங்கே தொலைத்தால் அந்த ஃபிரேம் பிந்தத்தான் செய்யும்.

சென்சாருக்குத் தனி திரெட் (இணையாக ஓடும் வேலை) வையுங்கள். அது படித்ததை ஓரிடத்தில் எழுதட்டும், பிரசென்ட் அங்கே கிடப்பதை எடுத்து வரையட்டும். வெப்பத்துக்கு விநாடிக்கு ஒருமுறை போதும்.

என் மேஜையில் இருப்பது 2017-ல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580. லினக்ஸில் அந்தக் கார்டிடம் எதையும் கேட்க லைப்ரரியே தேவையில்லை. சிஸ் கோப்புறைக்குள் சாதாரணக் கோப்புகளாகவே எல்லாம் இருக்கின்றன. டெம்ப்1 இன்புட் கோப்பைத் திறந்தால் 67000 என்று இருக்கும். மில்லி டிகிரி, ஆயிரத்தால் வகுத்தால் 67. பவர்1 ஆவரேஜ் மைக்ரோவாட்டில் வரும், அதைப் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். எச்டபிள்யூமான் என்ற கோப்புறையின் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை மட்டும் கோடில் அப்படியே எழுதிவிடாதீர்கள். அடுத்த முறை கணினியை இயக்கும்போது அது மாறியிருக்கலாம். உள்ளே இருக்கும் நேம் கோப்பில் ஏஎம்டிஜிபியு என்று இருக்கிறதா பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஹார்டு டிஸ்க்கின் சூட்டை ஜிபியுவின் சூடு என்று காட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கே: டைரக்ட்எக்ஸ் 11-ல் எழுதிய என் ஓவர்லே நன்றாக வேலை செய்கிறது. ஆல்ட், என்டர் அழுத்தி முழுத்திரைக்குப் போனால் மட்டும் விளையாட்டு செத்துவிடுகிறது.
– தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர், சேலம்

ப: இந்த வாசலைத் தாண்டாமல் எந்த ஓவர்லேயும் வளர்ந்ததில்லை. திரை அளவு மாறும்போது விளையாட்டு ரீசைஸ் பஃபர்ஸைக் கூப்பிடும். பழைய பேக் பஃபரை (படம் வரையப்படும் நினைவிடத்தை) யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் 'தவறான அழைப்பு' என்று அது தோற்றுவிடும். விளையாட்டு தன் பிடியையெல்லாம் ஒழுங்காக விட்டிருக்கும். விடாமல் பிடித்திருப்பது நீங்கள், எழுத்து வரைய எடுத்து வைத்த ரெண்டர் டார்கெட் வியூ வழியாக. தோல்வியை எதிர்பார்க்காத விளையாட்டு அடுத்த வரியில் விழுந்துவிடும். பழி விளையாட்டின் மேல் போகும்.

13-ஆவது இடத்தையும் ஹூக் செய்யுங்கள். மூல ஃபங்ஷனை அழைப்பதற்கு முன் வியூவை ரிலீஸ் செய்யுங்கள், அடுத்த பிரசென்ட்டில் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள். ரிலீஸ் செய்த பின்னும் விழுகிறதென்றால் அந்த வியூ இன்னும் பைப்லைனில் (கார்டின் வரையும் வரிசையில்) மாட்டியபடி இருக்கிறது, பைப்லைனின் பிடி தனிக் கணக்கு. நீங்கள் வரையுமுன் விளையாட்டின் நிலையைச் சேமித்து, வரைந்ததும் திருப்பி வைத்தால் இதுவும் தீரும், சில ஆட்டங்களில் நிழல்கள் காணாமல் போகும் அந்த விநோதமும் தீரும்.

கே: புதிய கார்டில் ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டால் எண் இரட்டிப்பாகிறது. ஆனால் மவுஸ் மட்டும் பழையபடியே கனமாக இருக்கிறதே?
– வாசகர், புதுச்சேரி

ப: இருக்கும். 2022-ல் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3-ஓடு வந்த வசதி இது. விளையாட்டு வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கார்டே ஒன்றை உண்டாக்கிச் செருகுகிறது. பிரசென்ட்டை எண்ணும் ஓவர்லே அதையும் சேர்த்து எண்ணும். மவுஸை விளையாட்டு கவனிப்பது தான் வரையும் ஃபிரேமில் மட்டும்தான். படம் வழவழப்பாகும், கைக்கு வேகம் கூடாது.

கே: ஆன்லைன் ஆட்டங்களில் நானே எழுதிய ஓவர்லேயைப் போட்டால் கணக்கை முடக்கிவிடுவார்களா?
– பெயர் வேண்டாம், சென்னை

ப: முடக்கலாம். அடுத்தவர் புராசஸில் டிஎல்எல் ஏற்றுவதும் ஃபங்ஷனின் தொடக்கத்தை மாற்றுவதும்தான் ஏமாற்று மென்பொருள்களும் செய்வது. உங்கள் நல்லெண்ணம் பைட்டில் தெரியாது.

பெரிய கையும் இதில் சுட்டுக்கொண்டது. 2023 அக்டோபரில் ஏஎம்டி தன் டிரைவரில் ஆன்டி-லேக் பிளஸ் என்ற தாமதக் குறைப்பு வசதியை கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆட்டத்துக்கும் விட்டது. அது அந்த ஆட்டத்தின் எஞ்சின் டிஎல்எல் ஃபங்ஷன்களையே மடைமாற்றியது. அதைப் போட்டால் தடை விழும் என்று ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் எச்சரித்தது. ஏஎம்டி அந்த வசதியைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு வந்த ஆன்டி-லேக் 2 வெளியிலிருந்து நுழையவில்லை; விளையாட்டை உருவாக்குகிறவர்களே சேர்த்துக்கொள்ளும் எஸ்டிகே (மென்பொருள் கருவித்தொகுப்பு) ஆனது.

எண்கள் மட்டும் போதுமென்றால் உள்ளே போகாதீர்கள். இன்டெலின் பிரசென்ட்மான் ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ் தானே பதிவு செய்யும் நிகழ்வுக் குறிப்புகளை வெளியிலிருந்து படிக்கிறது, விளையாட்டைத் தொடுவதில்லை. அட்மின் உரிமை கேட்கும், கொடுங்கள். வரைபடத்தை இரண்டாவது மானிட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை எழுதுவது ஒரே ஆள் என்பது உண்மையா? அதில் என் அறையின் வெப்பத்தையும் காட்ட வழி உண்டா? சின்ன சென்சார் ஒன்று கணினியில் மாட்டி வைத்திருக்கிறேன்.
– ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், வேலூர்

ப: ஆம், ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்ஸி நிகோலைசுக். என்விடியாவின் ரிவா கார்டுகளின் காலத்தில் அவர் தொடங்கிய ரிவாட்யூனரின் வாரிசுதான் ஆஃப்டர்பர்னர். திரையில் எழுத்தை வரைவது அதனோடு வரும் ரிவாட்யூனர் ஸ்டாடிஸ்டிக்ஸ் சர்வர், ஆர்டிஎஸ்எஸ். 2023 ஜனவரியில், போர்ச் சூழலால் எம்எஸ்ஐயிடமிருந்து 11 மாதமாகப் பணம் வரவில்லை, ஆஃப்டர்பர்னர் அநேகமாக முடிந்துவிட்டது என்று அவர் சொன்னபோதுதான், உலகம் முழுக்க மூலையில் ஓடும் எண் ஒரு மனிதரின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருப்பது பலருக்கும் தெரிந்தது. பணம் அனுப்புவதில் உள்ள சிக்கலைத் தீர்க்கப் பார்க்கிறோம், திட்டம் தொடரும் என்றது எம்எஸ்ஐ. அதன் பிறகும் புதிய பதிப்புகள் வந்தன.

அறை வெப்பத்துக்கு வழி உண்டு, ஹூக் எதுவும் நீங்கள் எழுத வேண்டாம். ஆர்டிஎஸ்எஸ் ஒரு பகிர்நினைவைத் (பல புரோகிராம்களும் எழுதக்கூடிய நினைவிடத்தை) திறந்து வைத்திருக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற டூல்கள் அதில்தான் தங்கள் எண்களை எழுதுகின்றன. ஆர்டிஎஸ்எஸ் கோப்புறையில் எஸ்டிகே என்று ஒன்று இருக்கும். அதில் மாதிரி கோடும் உண்டு. காலியான இடம் ஒன்றைத் தேடி, முதலில் உங்கள் டூலின் பெயரைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு 'அறை 36' என்று எழுதிவிட்டு, எழுத்து மாறியது என்பதற்கான எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள். வரைவதை அது பார்த்துக்கொள்ளும். புரோகிராமை மூடும்போது இடத்தைக் காலி செய்ய மறக்க வேண்டாம், கடைசியாக எழுதிய எண் அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வேலூர் வெயிலில் இதைச் செய்கிறவர் நீங்கள் என்பதால் ஒரு யோசனை. அறையை மட்டும் காட்டாமல், கார்டின் வெப்பத்திலிருந்து அதைக் கழித்து மூன்றாவது எண்ணாகவும் போடுங்கள். மே மாதம் 78, மார்கழியில் 70 என்றால் கார்டில் மாற்றம் எதுவும் இல்லாமலே இருக்கலாம். கழித்த எண் ஏறினால்தான் ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கிறது.